கிஷி நிலையத்தின் இரண்டாவது பூனை

ஜப்பானின் வகயாமா மாநிலத்தில் ஓடும் கிஷிகவா ரயில் பாதையின் மொத்த நீளமே 14.3 கிலோமீட்டர்தான். நஷ்டம் தாங்காமல் முந்தைய நிறுவனம் கைவிட்ட இந்தப் பாதையை 2006 ஏப்ரலில் வகயாமா மின்ரயில் நிறுவனம் ஏற்றது. செலவைக் குறைக்க, கடைசி நிலையமான கிஷி ஆளில்லா நிலையமானது. ஒட்டியிருந்த கடையின் பூனைகளுக்கும் அப்போது இருப்பிடம் பறிபோகும் நிலை. அவற்றை நிலையத்திலேயே இருக்க விடும்படி கடைக்காரர் கேட்டார். பூனைகளைப் பார்க்க வந்த நிறுவனத் தலைவர் மிட்சுனோபு கோஜிமாவுக்கு, தமா என்ற முந்நிறப் பூனையைக் கண்டதும் ஒரு யோசனை பிறந்தது.

2007 ஜனவரி 5 அன்று தமா முறைப்படி நிலைய அதிகாரி ஆனது. தலைக்கு அளவெடுத்துத் தைத்த தொப்பி, கழுத்தில் பெயர்ப் பட்டயம். சம்பளமோ பூனைத் தீனி. விளம்பர உத்திதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்க்கவே கூட்டம் ரயிலேறியது. 2009இல் தமாவின் படங்கள் வரைந்த ரயில் ஓடியது. 2010இல் நிலையக் கட்டடமே பூனை முகச் சாயலில் எழும்பியது.

2015 ஜூன் 22 அன்று, 16 வயதில், இதயம் செயலிழந்து தமா இறந்தது. ஆறு நாள் கழித்து நிலையத்திலேயே ஷின்டோ முறைப்படி நடந்த இறுதிச் சடங்கில் சுமார் 3,000 பேர் கலந்துகொண்டனர். ‘கௌரவ நிரந்தர நிலைய அதிகாரி’ என்ற பட்டம் தந்து, நடைமேடையருகே சிறு கோயில் கட்டி, தமாவைத் தெய்வமாகவே வைத்துவிட்டார்கள்.

அடுத்த பூனையை நிறுவனம் அவசரப்பட்டுத் தேடவில்லை. தேட வேண்டியும் இருக்கவில்லை. ‘இரண்டாம் தமா’ என்ற பொருளில் நித்தமா என்று பெயரிடப்பட்ட இன்னொரு முந்நிறப் பூனை 2012 ஜனவரியிலிருந்தே அதே ரயில் பாதையில் பணியில் இருந்தது. ஒகயாமாவில் ஆதரவற்றுக் கிடந்த குட்டி அது. அருகிலுள்ள இதாகிசோ நிலையத்தின் அதிகாரியாக இருந்துகொண்டே, தமாவின் விடுமுறை நாட்களில் கிஷியையும் பார்த்துக்கொண்டது. ஆளைக் கண்டு மிரளாது, தொப்பியைத் தட்டிவிடாது. பயணிகளுக்கு அது ஏற்கெனவே பழகிய முகம்.

ஷின்டோ வழக்கப்படி துக்கக் காலம் 50 நாள். அது முடிந்த பின்னரே, 2015 ஆகஸ்ட் 11 அன்று, நித்தமா கிஷியின் பொறுப்பை ஏற்றது; தமாவின் கோயிலுக்கு வணக்கம் செலுத்துவதும் அன்றைய நிகழ்ச்சியில் ஒன்று. நித்தமாவைத் தமாவின் மறுபிறவி என்று யாரும் விற்கப் பார்க்கவில்லை. பழைய பூனைக்குக் கோயிலும் பட்டமும், புதிய பூனைக்கு வேலை என்று இடத்தைப் பிரித்துக் கொடுத்ததுதான் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம். துக்கப்பட்டவர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தர்மசங்கடம் வரவில்லை.

இதே பணிக்காகப் பயிற்சிக்கு ஒகயாமா அனுப்பப்பட்ட சன்தமாதமா என்ற பூனை திரும்பவே இல்லை. பழக்கிய ஊழியருக்கு அதைப் பிரிய மனம் வரவில்லை, நிறுவனமும் விட்டுக்கொடுத்தது. 2017 ஜனவரி 5 அன்று இதாகிசோ நிலையத்துக்கு ‘நான்காம் தமா’வான யோன்தமா நியமிக்கப்பட்டது.