டேங்க் பண்டும் நெக்லஸ் ரோடும்: உசேன் சாகர்க் கரையின் பெயர் வரலாறு

ஐதராபாத்துக்கும் சிகந்தராபாத்துக்கும் இடையிலுள்ள உசேன் சாகர் ஏரி 1560களில் இப்ராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சிக்காலத்தில் அமைக்கப்பட்டது. அணைகட்டி நீர் தேக்கிய ஓர் ஏரிக்குக் கடலைக் குறிக்கும் வடசொல்லைச் சூட்டியது உயர்வு நவிற்சியே. உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) தோன்றுவதற்கு முன்னர் நகரின் குடிநீர்த் தேவைக்கு இது பயன்பட்டது. சிகந்தராபாத்தில் படைமுகாம் அமைத்த ஆங்கிலேயருக்கோ இது பாய்மரப் படகு விடும் இடமாயிற்று.

ஏரியின் கரைக்கு வழங்கும் 'டேங்க் பண்ட்' என்னும் பெயர் மொழியியலார் கருத்துக்குரியது. 'டேங்க்' என்பது குஜராத்தி, மராத்தி வழக்குகளோடும் போர்ச்சுக்கீசியச் சொல்லோடும் தொடர்புபடுத்தப்படுவது; 'பண்ட்' பாரசீக மூலமுடையது. இரண்டும் ஆங்கிலத்தின் வழியே இங்குப் பெயராயின. இப்பொருளுக்குரிய செருவு, கட்ட என்னும் தெலுங்குச் சொற்கள் பெயராக நிலைபெறவில்லை. இதனை 'ஏரிக்கரை' என மொழிபெயர்ப்பவர் பொருளைத் தருவார். மாலையில் உலவச் செல்லும் இடம் என்னும் வழக்கை இழப்பார்.

அவ்வழக்கு படிப்படியாக உருவானது. 1946இல் மிர்சா இஸ்மாயில் கரைச்சாலையை அகலப்படுத்தினார். 1986இல் என். டி. ராமராவ் ஆட்சியில் நன்னயர் முதலிய தெலுங்குச் சான்றோர் சிலைகள் அங்கு நிறுவப்பட்டன. உலவுமிடம் மொழியின் காட்சிக்கூடமாயிற்று. 1990 மார்ச் 10இல் ஏரிக்குள் கொண்டுசெல்லப்பட்ட ஒற்றைக்கல் புத்தர் சிலை மிதவையோடு மூழ்கியது, உயிரிழப்பும் நேர்ந்தது. மீட்கப்பட்ட சிலை 1992 டிசம்பரில் நிறுவப்பட்டது. 1994இல் லும்பினிப் பூங்கா திறக்கப்பட்டபின் படகு என்பது பெரும்பாலும் புத்தரைக் காணச் செல்லும் ஊர்தியாயிற்று. இதற்கிடையே கழிவுநீர் கலந்து ஏரி கெட்டது. கரை அழகுபெற்ற காலமும் நீர் கெட்ட காலமும் ஒன்றே என்பது கசப்பான உண்மை.

1990களில் உருவான சாலை 'நெக்லஸ் ரோடு' எனப்பட்டது. பழம்பெயர் நீரைத் தேக்கும் கரையைச் சுட்டியது. புதுப்பெயர் அணிகலனைச் சுட்டுகிறது. செயலைக் குறித்த பெயர் தோற்றத்தைக் குறிக்கும் பெயருக்கு இடம் தந்தது எனலாம்.

சிலைகளும் அனைவருக்கும் ஒரே பொருள் தரவில்லை. 2011 மார்ச் 10இல் தனித் தெலங்கானா கோரிய பேரணியின்போது அவற்றுட் பல உடைக்கப்பட்டன. மொழி ஒன்றாயினும் அதன் சான்றோர் பட்டியல் யாருடையது என்பதே அன்று எழுந்த வினா.

2021இல் நெக்லஸ் ரோட்டுக்குப் பி. வி. நரசிம்ம ராவின் பெயர் சூட்டப்பட்டது. பிரதமராக அறியப்பட்ட அவர், விசுவநாத சத்தியநாராயணாவின் 'வேயிபடகலு' நாவலை இந்தியில் பெயர்த்த மொழிபெயர்ப்பாளரும் ஆவார்.