மல்லாட்டையும் நம்ம கொல்லையும்

விதையைப் பற்றி எழுதுகிறவர்கள் விளைச்சலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு அவர்கள் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த ஏக்கர் யாருடையது, கிணறு யாருடையது, விதைக்குக் கடன் கொடுத்தவன் யார் என்று கேட்டால் வரலாறு வேறு மாதிரி வரும். பழைய தென்னாற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களின் நிலக்கடலையை, நம் ஜனங்கள் மல்லாட்டை என்று சொல்வதை வைத்து, இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தக் கடலை புதுச்சேரி வழியாகப் பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. 1890களில் பழைய விதை நலிந்து விளைச்சல் சரிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ‘மொரீஷியஸ்’ விதை அதை மறுபடி தூக்கி நிறுத்தியது. அதே பத்தாண்டில்தான் நமக்கும் நிலம் என்ற பேச்சு எழுந்தது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் அரசாணை வந்தது. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை. அதுதான் பஞ்சமி நிலம். கிடைத்தது தரிசு. தரிசில் எதை வைப்பது? மல்லாட்டை அவரை, துவரை இனத்துச் செடி. வேர் முடிச்சில் தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். எரு வாங்க வக்கில்லாதவனுக்கு ஏற்ற பயிர்.

அன்று பரவலாக இருந்தது கொடிக்கடலை. நாலு மாதத்துக்கு மேல் மண்ணில் கிடக்கும். 1940இல் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டி.எம்.வி. 2 வந்தது. குடியாத்தம் பக்கத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்த கொத்து ரகம். 105 நாளில் பறித்துவிடலாம். மழை பொய்க்கிற மானாவாரியில் ஒரு மாதம் மிச்சமாவது சின்ன விஷயமில்லை. நம்ம ஆட்களும் ஆசைப்பட்டுத்தான் வாங்கினார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் கொடிக்கடலைக்கு உறக்கம் உண்டு. பறித்தும் பல வாரம் முளைக்காது. கொத்து ரகத்துக்கு அந்த உறக்கம் இல்லை. முற்றின நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். குறித்த நாளில் பறித்தாக வேண்டும். அந்த நாளில் சேரி ஜனம் எங்கே இருந்தது? ஊர்க்காரன் கொல்லையில் இருந்தது. என் ஆயா சொல்லும்: “ஆண்டை கொல்லையப் பறிச்சி முடிக்காம நம்ம கொல்லையில கால் வைக்க முடியுமா? வந்து பாத்தா பாதிக் காய் மொளைச்சிக் கெடக்கும்.” விதையில் இருந்த குறை எல்லோருக்கும் பொது. நஷ்டம் மட்டும் நமக்கு.

இரண்டாவது, விதைச் செலவு. கொத்து ரகத்தை நெருக்கி விதைக்க வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு வேண்டும். பசிக்கு வறுத்துத் தின்ற வீட்டில் அவ்வளவு விதை எப்படி மிஞ்சும்? மண்டிக்காரரிடம் முன்பணம், விளைந்ததும் அவர் சொன்ன விலை. எங்கள் ஒரு ஏக்கர் இப்படித்தான் போனது. பஞ்சமி நிலத்தைச் சட்டப்படி அவர் வாங்க முடியாது. வெள்ளைத்தாளில் தாத்தாவின் கைநாட்டு போதுமானதாக இருந்தது.

மூன்றாவதை எந்தப் புள்ளிவிவரமும் எழுதாது. கொடிக்கடலை படர்ந்து காய்க்கும். கொத்தி எடுத்தாலும் நிறைய காய் மண்ணில் தப்பிவிடும். அதைக் களைக்கொட்டால் கிளறிப் பொறுக்குவது நம் பெண்கள், பிள்ளைகள். கொத்து ரகம் அடியிலேயே காய்த்து, பிடுங்கினால் கையோடு வந்துவிடுகிறது. கொல்லைக்காரனுக்கு லாபம். “முன்னெல்லாம் பொறுக்குனதுலயே ஒரு மாசம் கஞ்சிக்குக் கடிச்சிக்க இருக்கும்” என்பது ஆயாவின் கணக்கு.

பிறகு கரண்ட் மோட்டார் வந்தது. கிணறு உள்ளவன் குறுகிய நாள் ரகத்தை வைத்து இறவையில் இன்னொரு போகம் எடுத்தான். நமக்குக் கிணறும் இல்லை, கடைசியில் கொல்லையும் இல்லை.

1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலம் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டது. காரணை நிலப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நல்ல விதை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதை நம்ம கொல்லையில், நம்ம நாளில் விதைத்துப் பறிக்க வேண்டும். அதற்கு முதலில் கொல்லை திரும்பி வரவேண்டும்.