பிள்ளைகளிடம் விடைபெறுதல்: அருட்பணி வரலாறு தரும் ஒரு பாடம்

எருசலேமுக்குச் செல்லும் வழியில் பவுல் தீருப் பட்டணத்தில் ஏழு நாள் தங்கினார். அவர் புறப்பட்டபோது அங்கிருந்த சீடர்கள் மனைவி மக்களோடு ஊருக்கு வெளியே வந்து, கடற்கரையில் முழங்காற்படியிட்டு ஜெபித்து, அவரை வழியனுப்பினர் (அப். 21:4-6). மிலேத்துவில் எபேசுவின் மூப்பர்களைப் பவுல் பிரிந்ததைப் பற்றி நாம் பலமுறை பிரசங்கிக்கிறோம். தீருவின் பிரிவையோ எளிதில் கடந்துவிடுகிறோம். ஆனால் வழியனுப்ப வந்தவர்களுள் பிள்ளைகளும் இருந்தனர் என்று லூக்கா குறிப்பிடுவது இங்கேதான். அயல்நாட்டில் ஊழியம் செய்தவர் அங்குள்ள பிள்ளைகளிடம் எவ்வாறு விடைபெறுவது? இக்கேள்விக்கு விடை காண, அதே பெனிக்கேக் கடற்கரையில் 20-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு வரலாறு துணைசெய்யும்.

டென்மார்க் நாட்டுச் செவிலியரான மரியா ஜேக்கப்சன் (1882-1960), பெண்கள் அருட்பணிச் சங்கம் ஒன்றின் சார்பில் 1907-இல் ஒட்டோமான் பேரரசின் கார்ப்பூத் பகுதிக்குச் சென்றார். 1915-இல் ஆர்மேனிய மக்கள் தம் ஊர்களினின்று துரத்தப்பட்டு இலட்சக்கணக்கில் மாண்டனர். அவர் அங்கேயே தங்கி, எஞ்சிய பிள்ளைகளைச் சேர்த்துப் பேணினார். தாம் கண்டவற்றை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். பிள்ளைகள் அவரை அம்மா என்றே அழைத்தனர். 1919-இல் அவர் தாயகம் திரும்பினார். ஆனால் கார்ப்பூத்துக்கு மறுபடியும் செல்லும் வழி அடைபட்டது.

அப்பிள்ளைகளின் சமுதாயமும் சொந்த மண்ணில் நிலைக்கவில்லை. 1922-இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யாக்கோப் கூன்ஸ்லரும் அவர் மனைவியும் ஏறத்தாழ 8,000 ஆர்மேனிய அநாதைப் பிள்ளைகளைத் துருக்கியிலிருந்து சீரியாவுக்கும் லெபனோனுக்கும் அழைத்துவந்தனர். அதே ஆண்டில் மரியாவும் லெபனோன் சேர்ந்து, ஆர்மேனியப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 'பறவைக்கூடு' என்று பெயர்பெற்ற அவ்வில்லம், பின்னர் வேதத்தில் கேபால் எனப்படும் ஜுபைல் நகரில் நிலைபெற்றது. அவர் 1960-இல் மரித்து, அவ்வில்லத்து வளாகத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1970-இல், இல்லத்தின் பொறுப்பு கிலிக்கிய ஆர்மேனியத் திருச்சபையிடம் ஒப்புவிக்கப்பட்டது.

இந்த ஒப்புவிப்பு நாம் ஊன்றிச் சிந்திக்கத்தக்கது. 1846-இல் ஆர்மேனிய நற்செய்தித் திருச்சபை தனியே அமைந்தது முதல், பழம்பெரும் ஆர்மேனியத் திருச்சபைக்கும் புராட்டஸ்டண்டு அருட்பணிக்கும் இடையே நெடுங்காலக் கசப்பு இருந்தது. அப்படியிருக்க, ஒரு புராட்டஸ்டண்டு சங்கம் தான் வளர்த்த இல்லத்தை அத்திருச்சபையின் கையில் கொடுத்ததன் பொருள் என்ன? பிள்ளைகள் வளர்த்தவருக்கு உரியவர்கள் அல்லர். அவர்களுக்கு ஒரு மொழியும் ஒரு மக்களும் ஒரு சபையும் உண்டு என்பதை ஏற்றுக்கொள்வதே அது. விடைபெறுதலின் மிகக் கடினமான பகுதியும் இதுவே.

அப்படியானால் ஊழியர் யாவரும் மரியாவைப் போல் மரணமட்டும் தங்கவேண்டுமோ? அல்ல, பவுல் ஏழு நாள் மட்டுமே தங்கினார். ஆயினும் குறுகிய காலத் தொண்டுக்கு ஓர் ஆபத்து உண்டு. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் போல்பி 1951-இல் அளித்த அறிக்கை, குழந்தையின் மனநலத்துக்குத் தாயோடு, அல்லது தாய்க்கு நிகரான ஒருவரோடு, அன்பான, இடையறாத உறவு தேவை என்று வலியுறுத்தியது. சில வாரங்களுக்கென்று வரும் இளைஞர், பெற்றோரை இழந்த பிள்ளையைத் தம்மீது சார்ந்திருக்கச் செய்து பின் பிரிந்துபோவாராயின், அப்பிள்ளையின் முதல் இழப்பையே புதுப்பிக்கிறார். அவர் கண்ணீர் உண்மையானதே. ஆனால் அக்கண்ணீர் அப்பிள்ளைக்கு ஈடாகாது.

ஆகவே இளைஞரை இத்தகைய பணிக்கு அனுப்பும் ஆயர்கள், அவர்கள் செய்யப்போவது என்ன என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. அவர்கள் திரும்பியபின் அப்பிள்ளைகளோடு இருக்கப்போவது யார் என்றும் கேட்கவேண்டும். பிள்ளைகளோடு நிலைத்திருப்பவரைத் தாங்குவதே வந்துபோகிறவரின் பணி. புறப்படும் நாளை மறைக்காமல் முன்னதாகவே சொல்லுவதும், திரும்பி வருவேன் என்று நிறைவேற்ற இயலாத வாக்குக் கொடாதிருப்பதும் உண்மையுள்ள அன்பின் கடமைகள்.

தீருவின் நிகழ்ச்சியை லூக்கா முடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். பவுலும் உடன் சென்றவர்களும் கப்பலேறினர். வழியனுப்பினவர்கள் தங்கள் வீடுகளுக்குத் திரும்பிப்போயினர். அக்கரையில் நின்ற பிள்ளைகளுக்குத் திரும்பிப்போக வீடு இருந்தது. நாம் பிரிந்துவரும் பிள்ளைகளுக்கும் அது இருக்கிறதா என்பதே நம் ஊழியத்தின் உரைகல்.