.470 வந்த கதை

இங்கே ஹைதராபாத்தில் ஆபீஸ் நண்பர் ஒருவர், தாத்தா காலத்து இரட்டைக்குழல் ரைபிளை எடுத்துக் காட்டினார். குழலில் .470 என்று எண். அதென்ன 470? 450 என்றே வைத்திருக்கலாமே என்று தோன்றியது (நம்ம புத்தி அப்படி!).

தேடிப் படித்தால், 450 முன்பே இருந்திருக்கிறது. 1898-ல் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ், யானை வேட்டைக்குப் பேர்போன தோட்டா. சிக்கல் என்னவென்றால், பட்டாளத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றியும் அதே 450. வேட்டைத் தோட்டாவின் குண்டைப் பிரித்தெடுத்து, கிளர்ச்சிக்காரர்கள் அதில் போட்டுச் சுட்டுவிட்டால்? வெள்ளைக்கார அரசுக்கு உதறல். 1907 வாக்கில் இந்தியாவுக்கும் சூடானுக்கும் 450 தோட்டா வரத் தடை. உடனே துப்பாக்கிக் கம்பெனிகள் கொஞ்சம் தள்ளி .465, .470, .475 என்று இறக்கிவிட்டன. வேகமும் அடியும் கிட்டத்தட்ட அதேதான்.

ஆக, இந்த எண்ணைத் தீர்மானித்தது புலியுமில்லை, யானையுமில்லை. நம்மாட்கள் மேலிருந்த பயம்!

1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை ஏது? நண்பர் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்து வருகிறார். வீட்டில் ஒரு தோட்டாகூடக் கிடையாதாம்.