ஓரத்தில் எழுதப்படாத தீர்ப்பு

சுங்குவார்சத்திரத்தில் ஞாயிறு எல்லார்க்கும் ஓய்வுநாள் அன்று. ஆலைகளின் முறைமாற்றத்தைப் பொறுத்தே நம் ஆலயத்தில் கூட்டம் கூடுவதும் குறைவதும். சென்ற தவக்காலத்து ஞாயிறு ஒன்றின் மாலையில், திருப்பலி முடிந்து நாம் அறைக்குத் திரும்பியபோது, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் வாசலில் நின்றிருந்தார். மின்னணு ஆலைப் பெண்கள் தங்கும் விடுதியொன்றில் சமையல் செய்பவர், தென்மாவட்டத்துக்காரர். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து நான்காய் மடித்த தாள்களை எடுத்து நம் மேசைமேல் வைத்தார். 1996-இல் ஒரு மாவட்ட நீதிமன்றம் அளித்த விவாகரத்துத் தீர்ப்பு அது. வழக்குத் தொடுத்தவர் அவருடைய கணவர். அந்தக் கணவர் இப்போது இறந்துவிட்டார்.

“சாமி, நான் விதவையா, இல்லையா? குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போடலாம்னு ஒருத்தர் சொல்றார், கூடாதுன்னு ஒருத்தர் சொல்றார்” என்றார்.

திருச்சபையின் விடை எளியது. நிறைவுற்ற திருவருட்சாதனத் திருமணத்தைச் சாவன்றி வேறெதுவும் பிரிப்பதில்லை. ஆகவே அவர் கணவரின் இறுதி நாள்வரை மனைவி, இன்று விதவை. அரசின் விடையோ அந்தத் தாளில் இருந்தது. அதை வாசிக்க வாசிக்க நமக்கு இரண்டு செய்திகள் உறைத்தன. அவற்றை விளக்கச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இங்கிலாந்தில் 1857 வரை முழுமையான விவாகரத்து வேண்டுமென்றால் பாராளுமன்றத்தில் தனிச்சட்டமே நிறைவேற்றவேண்டும். செல்வர்க்கன்றி மற்றவர்க்கு அது எட்டாக் கனி. அவ்வாண்டில்தான் அதற்கெனத் தனி நீதிமன்றம் அமைந்தது. அந்தச் சட்டத்தின் அச்சில் வார்க்கப்பட்டதே கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு இந்திய விவாகரத்துச் சட்டம். கத்தோலிக்கர்க்கும் அதுவே பொருந்தும். அச்சட்டத்தின்படி கணவன் கேட்கக்கூடிய காரணம் ஒன்றே ஒன்று: மனைவியின் விபசாரம். மனைவி கேட்பதாயின் கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அதனோடு கொடுமையோ, கைவிடுதலோ, வேறொரு குற்றமோ சேர்ந்திருக்கவேண்டும். ஒத்துவராத வாழ்வை இருவரும் இசைந்து முடித்துக்கொள்ள வழியே இல்லை. மணவாழ்வு வேறெக்காரணத்தால் முறிந்திருந்தாலும், விடுதலை வேண்டிய ஆண் தன் மனைவியைப் பழித்தே நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

அந்த அம்மையாரின் தாளிலும் அதுவே எழுதியிருந்தது. அவர் நீதிமன்றத்துக்குச் செல்லவில்லை, ஒருதலைத் தீர்ப்பு. முழுதும் ஆங்கிலம். அதை மொழிபெயர்த்துச் சொல்ல நமக்கு நா எழவில்லை. நம் தயக்கத்தைக் கண்டுகொண்டவர், “என்ன எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியும் சாமி. அதை விடுங்க” என்றார்.

இரண்டாவது செய்தி, அந்தத் தாளில் இல்லாத ஒன்று. 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினேழாம் பிரிவின்படி, மாவட்ட நீதிபதி தரும் மணமுறிவுத் தீர்ப்பு தானாகவே நிறைவு பெறுவதில்லை. அதனை உயர் நீதிமன்றம் உறுதிசெய்யவேண்டும். அதுவும் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, ஆறு மாதங்களேனும் கடந்தபின். கணவனும் மனைவியும் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு நீதிமன்றத்தை ஏய்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொள்வதற்கான ஏற்பாடு இது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்கீழ் வந்தோர்க்கு இந்தச் சுமை இல்லை. கிறிஸ்தவர்க்கு மட்டும் 2001 வரை நீடித்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் உறுதிசெய்யும் படியை நீக்கியது. கணவன் மனைவி இருவர்க்கும் காரணங்களைச் சமமாக்கியது. இருவர் இசைவால் பிரியவும் இடம் தந்தது. கேரள உயர் நீதிமன்றம் 1995-இலேயே பழைய விதிகளின் அநீதியைச் சுட்டி, அவற்றின் சில பகுதிகளை நீக்கியிருந்தது என்பதையும் நினைவுகூர்வோம்.

எனவே 2001-க்கு முன் மாவட்ட நீதிபதி அளித்து, உறுதிசெய்யப்பட்ட கிறிஸ்தவ விவாகரத்துக்கு இரண்டு ஆவணங்கள் உண்டு: மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்று, உயர் நீதிமன்றத்தில் ஒன்று. முதலாவதை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, எல்லாம் முடிந்தது என்றிருப்போரை நாம் வேறு பங்குகளிலும் கண்டிருக்கிறோம்.

திருமண ஆவணத்தைத் தேடுவதும் விவாகரத்து ஆவணத்தைத் தேடுவதும் ஒன்றல்ல. திரிதெந்துப் பொதுச்சங்கம் 1563-இல், மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயரையும், நாளையும் இடத்தையும் பங்குக்குரு ஓர் ஏட்டில் எழுதி வைத்துக் காக்கவேண்டும் என்று விதித்தது. 1908-இல் நடைமுறைக்கு வந்த ‘நே தேமெரே’ ஆணை ஒரு படி மேலே சென்று, திருமணச் செய்தியைத் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்திலும் குறிக்கச் செய்தது. திருமணம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் அறிவித்தால் அதுவும் திருமண ஏட்டிலும் திருமுழுக்கு ஏட்டிலும் ஏறும். ஆதலால் ஒருவர் திருமுழுக்குப் பெற்ற ஊரை அறிந்தால் போதும். அங்குள்ள ஏட்டின் ஓரமே அவர் வாழ்க்கைநிலையைச் சொல்லிவிடும். தம் நிலை பற்றிய ஆவணத்தின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டென்று திருச்சபைச் சட்டத்தின் 487-ஆம் எண் கூறுகிறது. நகல் கேட்டு வருவோரை நாம் சலித்துக்கொள்ளாமல் வரவேற்க இதுவே போதிய காரணம்.

அரசிலோ ஓரக் குறிப்பு என்பதே இல்லை. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டம், கத்தோலிக்கக் குருக்கள் தாம் பதிந்த திருமணங்களின் விவரத்தை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசுப் பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பப் பணிக்கிறது. அந்தப் பதிவின் ஓரத்தில் பின்னாளைய விவாகரத்தைக் குறிக்கும்படி அச்சட்டம் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1858 முதலான இறுதித் தீர்ப்புகளுக்கு ஒரே அட்டவணை உண்டு. அமெரிக்காவில் ‘கவுண்டி’ எனப்படும் வட்டார நீதிமன்ற எழுத்தரிடம் கேட்கலாம். நம் நாட்டில் விவாகரத்துக்கென்று ஓர் ஏடு இல்லை. எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு, எந்த எண் என்ற மூன்றும் தெரிந்தவர்க்கே கதவு திறக்கும்.

இவற்றுள் நீதிமன்றத்தை அறிவதே நம் பகுதியில் சிக்கல். பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019-இல் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. திருச்சபையிலும் இதே கதைதான்: செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆகவே இன்று எந்த மாவட்டத்தில் வாழ்கிறோம் என்பதை வைத்துத் தேடுவது வீண். வழக்கு நடந்த நாளில் அவ்வூர் எதற்கு உட்பட்டிருந்தது என்பதே கேள்வி. தென்மாவட்டத்தார்க்கு மற்றொரு குறிப்பு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-இல்தான் தோன்றியது. 1990-களின் உறுதிசெய்தலைச் சென்னையில்தான் தேடவேண்டும்.

நீதிமன்றங்களில் கிறிஸ்தவ விவாகரத்து வழக்குகள் ‘ஐ.டி.ஓ.பி.’ என்ற எழுத்துகளோடு எண் பெறும். அந்த எண்ணைக் குறித்து, நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் மனுக் கொடுக்கவேண்டும். தீர்ப்புரை, தீர்ப்பாணை இரண்டையும் கேட்பது நன்று. காரணம் முன்னதில் இருக்கும், முடிவு பின்னதில் இருக்கும். வழக்கில் தொடர்பற்றவர் கேட்டால் ஏன் வேண்டும் என்று பிரமாணப் பத்திரம் தந்து அனுமதி பெறவேண்டும். இது தேவையான தடை என்றே நாம் கருதுகிறோம். அந்நாளைய வழக்குகளில் மனைவியோடு குற்றம் சாட்டப்பட்ட ஆடவனையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கச் சட்டம் கட்டளையிட்டது. உண்மையோ பொய்யோ, பிறர் பெயர்கள் அந்தக் கட்டுகளில் உறங்குகின்றன. புதிய வழக்குகளுக்குப் பதினாறு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு. அது கையில் இருந்தால் தேடல் எளிது. பழையவற்றுக்கு நடையே துணை. காலமும் தாழ்த்தலாகாது, நீதிமன்றங்கள் தேவையற்ற பழந்தாள்களைக் கழிக்க 1917-ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடம் தருகிறது.

மறுமணம் நாடி வரும் இளையோர்க்கும் ஒரு சொல். நீதிமன்றத் தாளை மட்டும் கொண்டுவந்து கோவிலில் மணமுடிக்கக் கேட்போர் உண்டு. திருச்சபைத் தீர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு அரசுமுன் தாம் விடுபட்டவர் என்றெண்ணுவோரும் உண்டு. முன்னவர்க்குத் திருச்சபைச் சட்டத்தின் 1085-ஆம் எண் விடை தருகிறது: முந்தைய திருமணம் செல்லாதது அல்லது அவிழ்க்கப்பட்டது என்பது முறையாகவும் ஐயமின்றியும் நிலைநாட்டப்படும் முன் வேறு திருமணம் கூடாது. பின்னவர்க்கு உச்ச நீதிமன்றம் 1996-இலும் மீண்டும் 2017-இலும் விடை தந்துள்ளது: திருச்சபை நீதிமன்றத்தின் முடிவு நாட்டுச் சட்டத்தின் தீர்ப்புக்கு ஈடாகாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் திருச்சபை வழக்குமுறையை எளிதாக்கினார் என்பதால் அரசின் படி குறைந்துவிடவில்லை.

நம் அம்மையாருக்குத் திரும்புவோம். பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் உதவிக்கு வந்தார். உறுதிசெய்யப்படாதிருந்தால் அந்தத் தீர்ப்பின் நிலை என்ன, பின்வந்த திருத்தம் அதை எவ்வாறு தொடும் என்பதையெல்லாம் அவரிடமே விட்டோம். சென்னையில் தேடல் மனுவுக்கும் நகல் மனுவுக்குமாகச் சில மாதங்கள் ஓடின. இதற்கிடையே அவருக்கு மணம் நடந்த பங்கின் குருவுக்கும் நாம் எழுதியிருந்தோம். அவர் அனுப்பிய திருமணப் பதிவின் நகலில் ஓரம் வெறுமையாக இருந்தது.

பின்னர் சென்னையிலிருந்தும் நகல் வந்தது. 1997-இல் மூன்று நீதிபதிகள் உறுதிசெய்திருக்கிறார்கள். ஒன்றரைப் பக்கம். ஓய்வூதியத்துக்கு இனி வழியில்லை என்று வழக்கறிஞர் சொன்னதை நாம் மெல்ல எடுத்துரைத்தோம். அம்மையார் இரண்டு நகல்களையும் மேசைமேல் அருகருகே வைத்து நெடுநேரம் பார்த்தார். கோவில் நகலின் வெறும் ஓரத்தை விரலால் தொட்டு, “இதுல அவங்க சொன்னதை எழுதலையா சாமி?” என்றார். எழுதுவதற்கில்லை என்றோம்.

நீதிமன்றத் தாள்களை நம்மிடமே விட்டுவிட்டு, மற்றதைப் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார். எழுந்தவர் முந்தானை முடிச்சிலிருந்து பணம் எடுத்து, அடுத்த வாரத்தில் கணவரின் ஆன்மாவுக்காக ஒரு பூசை வைக்கவேண்டும் என்றும், பெயரை மறவாமல் வாசிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமைதான் அவருக்கு விடுப்பு. அன்று காலைத் திருப்பலிக்கே குறித்துக்கொண்டோம்.