தீவை அலகாகக் கொண்ட பயிர்ப் பாதுகாப்பு: அந்தமான் நிக்கோபாரில் வண்டும் நத்தையும்

1959-இல் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் போஷ், ஹேகன் ஆகிய நால்வர் ‘ஹில்கார்டியா’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்தே ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்ற கருத்தின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். கலிபோர்னியாவின் குதிரைமசால் வயல்களில் அசுவினியோடு பட்ட பாட்டிலிருந்து பிறந்த அக்கட்டுரை, பூச்சியைக் கண்டதுமே மருந்தடிக்க வேண்டாம், அதன் பெருக்கம் பொருளாதாரச் சேதநிலையை எட்டப்போகிறதா என்று பார் என்றது. தமிழ்நாட்டு உழவருக்கு இது பழகிய கணக்கு. புகையானுக்குத் தூருக்கு ஒரு பூச்சி என்பது வரம்பு; குத்துக்கு ஒரு சிலந்தி தென்பட்டால் வரம்பு இரண்டாக உயர்கிறது. இயற்கை எதிரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இந்த நுட்பத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வயலே அலகு, உழவரே முடிவெடுப்பவர், சிலந்தி ஏற்கெனவே அங்கே இருக்கிறது என்ற மூன்று எடுகோள்களின்மேல்தான் அது நிற்கிறது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மூன்றுமே ஆட்டம் காண்கின்றன. அங்கே தீவையே அலகாகக் கொண்டு, மேலாண்மையின் வரிசையைத் துறைமுகத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. மே தொடங்கி டிசம்பர் வரை இரு பருவமழைகளும் அடுத்தடுத்து வருவதால் தெளித்த மருந்து இலையில் தங்குவதில்லை. ஓடை வழியே கடலுக்குப் போகிறது. நிலப்பரப்பில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் காடு. தொலைத் தீவுகளுக்கு உயிரினங்கள் வந்து சேர்வது அரிது என்பதை மக்கார்தரும் வில்சனும் 1967-இல் கோட்பாடாக வகுத்தார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு அதன் உட்பொருள் கொஞ்சம் கசப்பானது. ஒரு பூச்சி கன்றோடோ மண்ணோடோ கடல்தாண்டி வரும்போது, அதைத் தின்னும் உயிரும் கொல்லும் நோயும் பெரும்பாலும் பழைய ஊரிலேயே தங்கிவிடுகின்றன.

தென்னையின் காண்டாமிருக வண்டை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த வண்டு விரியாத குருத்தைத் துளைக்கிறது. மட்டை விரிந்து, விசிறிபோல் வெட்டுப்பட்ட ஓலை கண்ணில் படும்போது துளைத்த வண்டு எப்போதோ போயிருக்கும். ஆகவே சேதத்தை எண்ணி முடிவெடுப்பது இங்கே காலங்கடந்த செயல். புழுவோ மரத்தில் இல்லை; எருக்குழியிலும் மட்கிய தென்னந்தடியிலும் வளர்கிறது. ஒருவர் தன் தோப்பைத் துப்புரவாக வைத்திருந்தாலும் பக்கத்துத் தோப்பின் அழுகிய தடியிலிருந்து வண்டு பறந்து வரும். கம்பியால் குத்தி எடுப்பதும் ஆமணக்குப் புண்ணாக்குக் கரைசல் வைப்பதும் இனக்கவர்ச்சிப் பொறியும் பயன் தருபவையே. ஆனால் தனித்தனித் தோப்பில் செய்தால் ஓயாத வேலை.

1963-இல் ஜெர்மானியரான ஹூகர் மலேசியாவில் இவ்வண்டின் புழுக்களைக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டறிந்தார். அதை முதலில் பயன்படுத்தியவை பசிபிக் தீவுகள். 1967-இல் சமோவாவில் விட்டார்கள். சமோவாவுக்கு இவ்வண்டு 1909-இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சென்றது என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். இந்தியப் பெருநிலத்தில் இருந்த வைரஸ் அந்தமானில் அப்போது இருக்கவில்லை. வண்டுகளில் நோயேற்றிப் பறக்கவிடும் முறை லட்சத்தீவின் மினிக்காயில் 1980-களில் வெற்றி பெற்றது; அதே முறையில் அந்தமானின் சிப்பிகாட் பகுதியிலும் வைரஸ் அறிமுகமாகி நிலைபெற்றது. இதைப் பதிவுசெய்த ஜேக்கப்பின் ஆய்வு 1996-இல் வெளிவந்தது. நோய்கண்ட வண்டு உடனே சாவதில்லை. தின்பதும் முட்டையிடுவதும் குறைய, தன் எச்சத்தாலும் இணைசேர்தலாலும் நோயைப் பிற வண்டுகளுக்குக் கடத்துகிறது. மருந்துத் தெளிப்பான் எட்டாத அழுகிய தடிக்குள்ளும் அது நோயைக் கொண்டுபோகிறது. பெருநிலத்தில் இது பல வழிகளில் ஒன்று. எல்லை வரையறுத்த தீவிலோ, இதுவே முதன்மை வழியாகும் தகுதி பெறுகிறது.

இந்த வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்தினால் வாதம் ஒருபக்கச் சாய்வாகிவிடும். ராட்சத ஆப்பிரிக்க நத்தை 1847-இல் மொரீசியசிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. அந்தமானுக்கு இரண்டாம் உலகப்போரின் ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. காய்கறி நாற்று, பப்பாளி, வாழை என எதையும் விடாத இதை ஒடுக்க, 1960-களில் கோனாக்ஸிஸ் என்னும் ஊனுண்ணி நத்தையை அங்கே விட்டார்கள். ஆப்பிரிக்க நத்தை இன்றும் இருக்கிறது. கோனாக்ஸிஸ் ஒரே இரையைத் தேடும் உயிரன்று, அந்தமானிலோ தீவுக்கே உரிய நில நத்தை இனங்கள் பல உண்டு. இதே நோக்கத்தோடு பிரெஞ்சுப் பாலினேசியாவில் 1970-களில் விடப்பட்ட யூகிளாண்டினா என்ற மற்றோர் ஊனுண்ணி நத்தை, ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு உள்ளூர்ப் பார்ட்டுலா நத்தைகளை அழித்தது. வைரஸையும் ஊனுண்ணி நத்தையையும் ‘உயிரியல் கட்டுப்பாடு’ என்ற ஒரே தலைப்பில் அடுக்கும் கையேடுகள் இந்த வேறுபாட்டை மறைக்கின்றன. தீவில் விட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே ஓரினத்தையோ அதன் நெருங்கிய உறவுகளையோ மட்டும் தாக்கும் எதிரிக்கே அங்கே இடம் தரலாம். நத்தைக்கு, அந்தியில் ஈரச்சாக்கும் பப்பாளி இலையும் போட்டுத் திரட்டி அழிப்பதுதான் இன்றும் நம்பத்தக்க வழி. கிராமமே சேர்ந்து செய்தால்தான் அதற்கும் பலன்.

வயல் அளவில் செய்ய ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கத்தரி, தக்காளியின் பாக்டீரிய வாடல் நோய் மண்ணில் வாழ்வது, வாடியபின் மருந்தில்லை. 1978-இல் போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், தொடங்கப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் (இப்போது மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம்) வாடலைத் தாங்கும் கத்தரி ரகங்களை உருவாக்கியது. சுண்டை வேர்க்கன்றில் கத்தரியை ஒட்டுவதும் இதே சிக்கலுக்கான தீர்வு. இரண்டிலுமே முடிவு விதைப்புக்கு முன் எடுக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நட்டபின் எண்ணிப் பார்த்து முடிவெடுக்கும் கட்டம் இங்கே கடைசியில்தான் வருகிறது.

நிக்கோபாரில் அந்தக் கடைசிக் கட்டமும் சுருங்கிவிட்டது. 2021-இல் கார் நிக்கோபார், நன்கௌரி தீவுக்கூட்டத்தின் 14,491 ஹெக்டேர் இயற்கை வேளாண் பகுதியாகச் சான்று பெற்றது. செயற்கைப் பூச்சிக்கொல்லிக்கு அங்கே இடமில்லை. தீவு முழுவதையும் அலகாகக் கொள்ளும் மேலாண்மைக்கு இது நல்ல களம். கார் நிக்கோபாரில் தென்னந்தோப்பு ‘தூஹெத்’ என்னும் கூட்டுக் குடும்பத்துக்குப் பொது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மடிந்ததுபோலத் தென்னைகள் ஒருசேரச் சாயும்போது, ஒவ்வொரு தடியும் வண்டின் இனப்பெருக்க இடமாகிறது. 2015-இல் குவாம் தீவில் டால்ஃபின் சூறாவளிக்குப்பின் வண்டு பெருகியதற்கும் இத்தகைய அழுகிய கழிவே காரணம். தடிகளை அகற்றும் பொறுப்பைத் தனி உழவரிடம் விடுவதைவிட, தூஹெத்துடன் பேசி முடிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். பேரிடர் மீட்புத் திட்டங்களிலும் இவ்வேலைக்கு இடம் வேண்டும்.

குவாமில் 2007-இல் காணப்பட்ட வண்டு, பழைய வைரஸுக்கு மசியாத வகை. அது 2013-இல் ஹவாயிலும் 2015-இல் சாலமன் தீவுகளிலும் தென்பட்டது. அவ்வகை அந்தமானுக்கு வந்தால் ஜேக்கப் பதிவுசெய்த வெற்றி பயனற்றுப் போகக்கூடும். அயல்நாட்டுச் செடிகளுக்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. சென்னையிலும் கொல்கத்தாவிலும் கப்பலேறும் தென்னங்கன்றும் வாழைக்கன்றுமோ உள்நாட்டுச் சரக்கு. 1914-ஆம் ஆண்டின் பூச்சிகள் சட்டம் மாநிலங்களுக்கிடையிலான போக்குவரத்தையும் கட்டுப்படுத்த மைய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தீவுகளின் பொருட்டு அதை முழுமையாகக் கையாள வேண்டும். தெற்கே நிலைமை இன்னும் நெருக்கடியானது. பெரிய நிக்கோபாரிலிருந்து சுமத்ரா 200 கி.மீ.க்கும் குறைவு. 2022-இல் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற கலாத்தியா விரிகுடாச் சரக்குப் பெட்டகத் துறைமுகம் இயங்கத் தொடங்கினால், தென்கிழக்காசியக் கப்பல்கள் அங்கே நிற்கும். சரக்கு முற்றத்தைச் சுற்றி வண்டுப் பொறிகள், பிடிபட்ட வண்டின் வகையை மரபணுச் சோதனையில் அறியும் ஆய்வகம், மட்கும் மரக்கழிவு இல்லாத சூழல் ஆகிய மூன்றையும் துறைமுகத்தின் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.