செக்கும் கரைப்பானும்

அந்தமானில், இன்று சுவராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக்கில் 1950களில் கிழக்கு வங்க அகதிகள் குடியமர்த்தப்பட்டபின் தென்னையும் கமுகும் பெருகின. ஆயினும் அந்தமானின் எண்ணெய் வரலாறு அதற்கும் முந்தியது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில், செக்கில் மாடுபோலப் பூட்டப்பட்ட கைதிகள் நாளொன்றுக்கு 30 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 13.6 கிலோ, தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டியிருந்தது.

எடையில் பாதிக்கு மேல் எண்ணெயான கொப்பரைக்குச் செக்கே போதும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத பசும் நுண்பாசியின் லிப்பிடுகளை, அதாவது கொழுப்புப் பொருள்களை, உறுதியான செல்சுவர் காத்துநிற்பதால், அவற்றைப் பிரிக்கக் கரைப்பான்கள் வேண்டும். பால் கொழுப்பை அளக்க 1879இல் வேதியியலாளர் சாக்ஸ்லெட் அமைத்த கருவியில், கொதித்து ஆவியான கரைப்பான் குளிர்ந்து, உலர்ந்த பொருளின்மீது மீண்டும் மீண்டும் சொட்டும். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். குளோரோஃபார்மையும் மெத்தனாலையும் 2:1 விகிதத்தில் கலந்த ஃபோல்ச் முறை 1957இலும், ஈரமான மீன்தசைக்கென உருவாகிக் கரைப்பானைச் சிக்கனப்படுத்திய பிளை–டையர் முறை 1959இலும் வெளியாயின. இவ்விரண்டிலும் லிப்பிடுகள் அடியில் தங்கும் குளோரோஃபார்ம் அடுக்கில் சேர்கின்றன.

ஆய்வக அளவீட்டுக்குப் பிளை–டையர் முறை ஏற்றதெனினும், குளோரோஃபார்ம் நச்சுடையதாதலால் உணவு எண்ணெய்க்கு அது உதவாது. எம்முறையாயினும், கண்ணாடி மணிகளாலோ மீயொலியாலோ செல்சுவரை முதலில் உடைத்தால்தான் எண்ணெய் முழுமையாகக் கிட்டும்.